அபாயச் செய்தியும் அமானிதமும்

செய்தி என்பது ஓர் அமானிதம். நம்மிடம் ஒருவர் ஒப்படைத்த பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரிய காலத்தில் உரியவரிடம் சேர்ப்பது எங்ஙனம் கடமையோ, அங்ஙனமே நம் செவிக்கு எட்டிய செய்தியைச் சேர்ப்பதும் கடமையாகும். சாதாரண நாட்களில் இக்கடமையின் கனம் நமக்குப் புலப்படுவதில்லை. திருமணச் செய்தி ஒரு நாள் தாமதித்து வந்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஆனால் காட்டில் நெருப்புப் பரவுகிறது என்ற செய்தி ஒரு நாழிகை தாமதித்தால் மய்யித்தை எடுக்க நேரிடுகிறது.

இங்கேதான் ஒரு பழைய கேள்வி புதிய கோலத்தில் நம்முன் வந்து நிற்கிறது. உறுதி செய்துகொண்டு சொல்லுவோம் எனக் காத்திருந்தால் அதற்குள் உயிர் போகலாம். உறுதி செய்யாமல் உடனே சொல்லிவிட்டால் மக்கள் தவறான திசையில் ஓடி, அதனாலும் உயிர் போகலாம். விரைவு பெரிதா, உண்மை பெரிதா? இன்று கைப்பேசிச் செயலிகள் வாயிலாக நொடிப்பொழுதில் ஆயிரக்கணக்கானோருக்கு எச்சரிக்கை அனுப்ப முடிகிறது. எனவே இது அரசு அதிகாரிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று ஒரு செய்தியாளர். ஆகவே ஒவ்வொருவரும் இக்கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

திண்டுக்கல் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியும் அன்று. நம் நகரம் சமவெளியில் இருக்கிறது. ஆயினும் மலைகளின் மடியில் இருக்கிறது. ஒரு பக்கம் சிறுமலை. மறுபக்கம் கன்னிவாடிக்கு அப்பால் எழுந்து கொடைக்கானல் வரை படர்ந்து செல்லும் பழனி மலைத்தொடர். சிறுமலை வாழையும் கீழ்மலைக் காப்பியும் மிளகும் நம் சந்தைகளுக்கு வருகின்றன. திண்டுக்கல் நகரம் பல்லாண்டுகளாகக் குடித்துவரும் ஆத்தூர் காமராசர் அணையின் நீர் அந்த மலைகளிலிருந்தே இறங்குகிறது. கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் குடும்பங்கள் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பயணம் புறப்படுகின்றன. ஆகவே மலை எரிந்தால் அது அடுத்த வீட்டு நெருப்பு அன்று. நம் வீட்டுக் கூரையில் பற்றிய நெருப்பே ஆகும்.

மாசியில் புல் காய்ந்து, பங்குனியில் சருகு உதிர்ந்து, சித்திரையில் காற்று மாறும். அக்காலத்தில் சில இரவுகளில் நகரத்து மாடிகளில் நின்று பார்த்தால் மலைச்சரிவில் சிவந்த கோடு ஒன்று நெளிவதைக் காணலாம். 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பற்றிய காட்டுத்தீ பல நாட்கள் அணையாமல் எரிந்ததும், அவ்வழியே போக்குவரத்து நிறுத்தப்பட்டதும் நாம் அறிந்தவையே. அத்தகைய நாட்களில் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் பறக்கின்றன. எப்போது எடுத்த படம், எந்த மலை, அனுப்பியவர் தாமே கண்டாரா என்று கேட்பவர் சிலரே. எங்கோ வேறு நாட்டில் எரிந்த காட்டின் படம் நம் மலையின் பெயர் சூட்டப்பட்டு வலம் வருவதும் உண்டு.

அண்டை மாவட்டமான தேனியில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் நிகழ்ந்த துயரத்தைத் தமிழகம் மறந்திருக்காது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்திற்கு வந்த இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது தீ அவர்களைச் சூழ்ந்தது. ஆளுயரக் காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்துகொண்டன. சிலர் பள்ளத்தில் இறங்கி ஒதுங்கினர்; சிலர் ஓடினர். அன்றும் தொடர்ந்து வந்த நாட்களிலும் உயிரிழந்தோர் 23 பேர். தீ மேடு நோக்கி ஏறும்போது அதன் வேகம் மிகும். சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்பாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மனிதனோ மேடு ஏறும்போது வேகம் குறைகிறான். இந்த ஒன்றை அறிந்தாலே, தீ எங்கே இருக்கிறது, காற்று எப்பக்கம், எவ்வழி திறந்திருக்கிறது என்னும் மூன்று செய்திகளும் உரிய நேரத்தில் கையில் இருப்பது எத்துணை விலைமதிப்புடையது என்பது விளங்கும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வகுத்தது. தீ அபாயம் மிகுந்த காலத்தில் மலைப்பாதைகளை மூடிவைக்கும் நடைமுறையும் ஏற்பட்டிருக்கிறது. பாதையை மூடுவதும் ஒருவகை எச்சரிக்கைதான். ஆயினும் காட்டின் ஓரத்தில் குடியிருப்பவருக்கும், தோட்டத்தில் கூலிவேலை பார்ப்பவருக்கும், ஆடு மாடு மேய்ப்பவருக்கும் பாதையை மூடிவிட்டால் போதுமா? அவர்கள் இருக்குமிடமே மலையாயிற்றே! அவர்களுக்குச் செய்தி சென்று சேர்ந்தாக வேண்டும்.

அச்செய்தி இன்று எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். டேராடூனில் இயங்கும் இந்திய வன அளவை நிறுவனம் 2004 ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் உதவியுடன் காட்டுத்தீ எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. நாட்டின் வனப்பரப்பில் 36 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி அடிக்கடி தீக்கு ஆளாகக்கூடியது என்பது அந்நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கையின் கணிப்பு. பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களில் பொருத்திய கருவிகள் தரையின் வெப்பத்தை அளக்கின்றன. ஓரிடம் சுற்றுப்புறத்தைவிட மிகையாகச் சுட்டால் அது ஒரு புள்ளியாகப் பதிவாகிறது. அப்புள்ளி வனத்தின் எல்லைக்குள் விழுந்தால், உரிய வனச்சரகத்தின் ஊழியருக்குக் குறுஞ்செய்தி செல்கிறது. பொதுமக்களில் விரும்புவோரும் பதிவு செய்துகொண்டு இதைப் பெறலாம். பெருந்தீக்களைத் தொடர்ந்து கண்காணிக்க 2019 ஜனவரியில் தனித்திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சாசேத்’ செயலி பல துறைகளின் எச்சரிக்கைகளை அவரவர் இருக்குமிடத்திற்கு ஏற்பத் தருகிறது. தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி தமிழிலேயே செய்தி சொல்கிறது. 2023 ஆம் ஆண்டில் நம் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேரொலி எழுப்பி ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்தச் செயலியும் இல்லாத கைப்பேசிக்கும், கோபுர அலைவரிசை எட்டும் இடமெல்லாம் எச்சரிக்கையைச் சேர்க்கும் முறைக்கு அது முன்னோட்டம்.

வானத்திலிருந்து பார்க்கும் இந்தச் சாட்சி பொய் சொல்லாது; மெய்தான். ஆனால் அது காண்பது வெப்பத்தை மட்டுமே, காரணத்தை அன்று. அது காட்டும் நுண்மையான புள்ளிகூட 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். அதனுள் எந்த மூலையில் தீ, எந்த ஒற்றையடிப் பாதையை அது மறித்தது என்று அதனால் சொல்ல இயலாது. மேகம் மறைத்தால் அதற்குக் கண் தெரியாது. ஒரு நாளில் சில முறைதான் அது நம் தலைக்கு மேலே கடந்து செல்கிறது. இடைப்பட்ட நேரத்தில் பற்றிய தீ அடுத்த வருகை வரை அதற்குத் தெரியாது. ஆகவே கைப்பேசியின் வரைபடத்தில் புள்ளி இல்லை என்பதால் தீ இல்லை எனக் கொள்வதும், புள்ளி இருக்கிறது என்பதால் மலை முழுதும் எரிகிறது எனக் கொள்வதும் தவறாகும். மண்ணில் நின்று கண்ணால் கண்டு சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. வேட்டைத் தடுப்புக் காவலரோ, தோட்டத் தொழிலாளியோ, மலைக்கிராமத்து முதியவரோ அந்த மனிதராக இருக்கலாம். செயலி என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. முதற்கண்ணி எப்போதும் ஒரு மனிதரின் நேர்மையே.

சங்கிலி என்றதும் அரபி மத்ரஸாவில் ஓதியோருக்கு ‘இஸ்னாத்’ நினைவுக்கு வரும். ஹதீஸ் கலையின் மேதைகள் ஒரு செய்தியை எவ்வாறு ஏற்றனர்? சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தது உண்டா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தனர். அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தேடினர். ஒன்று ‘அதாலத்’ எனும் நேர்மை. மற்றொன்று ‘ளப்த்’ எனும் துல்லியம். பொய் சொல்லாத நல்லவர் என்பது மட்டும் போதாது. கேட்டதைக் கேட்டவாறே காத்துச் சொல்லும் திறமும் வேண்டும். இன்று நமக்கு வரும் ‘பகிரப்பட்டது’ என்ற முத்திரை பெற்ற செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு இஸ்னாதே இல்லை. தலையும் தெரியாது, வாலும் தெரியாது. நடுவில் நாம் மட்டும் நிற்கிறோம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருப்பது காரணமின்றி அன்று.

திருமறையும் இப்பொருளில் இரண்டு இடங்களில் நமக்கு வழி காட்டுகிறது. சூரத்துல் ஹுஜுராத்தின் 6 ஆவது ஆயத், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அங்கே கூறப்படும் காரணம். சூரத்துன் னிஸாவின் 83 ஆவது ஆயத், அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி வந்தவுடன் அதைப் பரப்பிவிடுவோரைக் கண்டித்து, பொறுப்பில் உள்ளோரிடமும் ஆய்ந்தறிய வல்லோரிடமும் அதைக் கொண்டுசெல்லும் வழியைக் காட்டுகிறது. ஆய்ந்தறிதலுக்கு அங்கே ஆளப்படும் சொல்லின் வேரில், கிணறு தோண்டி முதல் ஊற்றுநீரை வெளிக்கொணரும் பொருள் இருக்கிறது. மேலே கிடக்கும் மண்ணை அள்ளி வீசுவது எளிது. ஊற்று வரை தோண்டுவதற்கு உழைப்பு வேண்டும்.

ஆயினும் இவ்வளவையும் படித்துவிட்டு ஒருவர், “அப்படியானால் தீர விசாரிக்கும்வரை வாய் திறவாதிருப்பதே பேணுதல்” என்று முடிவு கட்டினால் அது பிழையாகும். மறைப்பதும் துரோகமே. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் 2023 ஆகஸ்ட் 8 ஆம் நாள் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் உயிரிழந்தனர். அத்தீவில் எச்சரிக்கைச் சங்குகள் நிறுவப்பட்டிருந்தன. ஆனால் அன்று அவை ஒலிக்கவில்லை. கடல்கோள் வருகிறதென்று எண்ணி மக்கள் மேட்டுப்பக்கம், அதாவது தீ இருக்கும் பக்கமே ஓடிவிடுவார்கள் என்று அஞ்சியதாகப் பொறுப்பிலிருந்தவர் பின்னர் கூறினார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆயினும் என்ன அபாயம், எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாத எச்சரிக்கையை மட்டும் நம்பி ஓர் ஊர் இருந்தது என்பதே அதிலிருந்து தெரியவரும் உண்மை. கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரில் 2018 நவம்பர் 8 ஆம் நாள் மூண்ட தீயில் 85 பேர் மாண்டனர். அங்கே கைப்பேசி எச்சரிக்கை முன்பதிவு செய்தோருக்கே சென்றது. பதிவு செய்யாதோர் பலர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 ஆம் நாள் 173 பேர் உயிரிழந்த பின்னரே, அபாயச் செய்தியை மக்களுக்குச் சேர்க்கும் முறை முழுவதும் அங்கே திருத்தி அமைக்கப்பட்டது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2025 ஜனவரி 9 ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றித் தீக்கள் எரிந்துகொண்டிருந்தபோது, ஒரு சிறு பகுதிக்கு மட்டும் அனுப்பவேண்டிய ‘வெளியேறத் தயாராக இருங்கள்’ என்ற எச்சரிக்கை அம்மாவட்டத்தின் ஏறக்குறைய ஒரு கோடி மக்களின் கைப்பேசிகளில் ஒலித்துவிட்டது. சிறிது நேரத்தில் திருத்தம் வந்தது. ஆனால் அடுத்த முறை உண்மையான எச்சரிக்கை ஒலிக்கும்போது எத்தனை பேர் எழுந்து புறப்படுவார்கள்? அனுப்பியவரின் நேர்மையில் இங்கே குறை இல்லை, குறைந்தது துல்லியம். ‘அதாலத்’ இருந்தும் ‘ளப்த்’ இல்லாது போன இடம் இது.

இவ்விரு பக்கத்து ஆபத்துகளுக்கும் நடுவே நேர்வழி எது? நம் ஃபிக்ஹு நூல்களில், ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் பேசப்படும் ஒரு சட்டத்தில் இதற்கு விடை இருப்பதாக நாம் கருதுகிறோம். ரமழானின் தலைப்பிறையைக் கண்டதாக நேர்மையான ஒருவர் சாட்சி சொன்னால் போதும், நோன்பு தொடங்கிவிடும். ஆனால் ஷவ்வாலின் பிறைக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நிலைபெற்ற தீர்ப்பு இது. வானம் மேகம் மூடியிருக்கும்போது ஹனஃபீ மத்ஹபிலும் அவ்வாறே. ஒரே வானம், ஒரே பிறை. சாட்சியத்தின் அளவு மட்டும் ஏன் வேறுபடுகிறது? பேணுதலுக்குள் நுழைவது எளிதாகவும், பேணுதலிலிருந்து வெளியேறுவது கடினமாகவும் இருக்கவேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஒரு நாள் கூடுதலாக நோன்பிருந்துவிட்டால் பெரிய இழப்பில்லை. ஒரு நாள் முன்னதாக நோன்பைக் கைவிட்டுவிட்டால் அது கடமை தவறுதல்.

காட்டுத்தீச் செய்தியையும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். “சரிவில் தீ தெரிகிறது, அப்பக்கம் போகாதீர்கள்” என்று எச்சரிக்க, தம் கண்ணால் கண்ட நேர்மையான ஒருவர் போதும். அவர் சொன்னது சிறிய தீயாகவே முடிந்தாலும் நமக்கு ஏற்படும் நட்டம் ஒரு பகற்பொழுது மட்டுமே. ஆனால் “தீ அணைந்துவிட்டது, திரும்பி வாருங்கள், பாதையில் நடக்கலாம்” என்ற செய்திக்கு ஒருவர் சொல் போதாது. தரையில் நின்றவரும் பொறுப்பிலுள்ளவரும் சேர்ந்து சொல்லவேண்டும். லஹைனாவில் நடந்ததே இதற்குச் சான்று. அன்று காலையில் மூண்ட தீ 9 மணியளவில் முழுமையாகக் கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. தீயணைப்பு வீரர்களும் பிற்பகலில் அவ்விடம் விட்டு நீங்கினர். 3 மணியளவில் அங்கே மீண்டும் தீ எழுந்தது. நகரை அழித்தது அதுவே. காலையில் எரிந்த தீயின் மிச்சக்கங்கே மீண்டும் மூண்டது என்று 2024 அக்டோபரில் வெளிவந்த விசாரணை அறிக்கை உறுதி செய்தது. அபாயம் வந்ததென்ற செய்தியைவிட, அபாயம் நீங்கியதென்ற செய்திக்கே கூடுதல் சாட்சி வேண்டும் என்பதை உலகம் எத்துணை விலை கொடுத்துக் கற்றிருக்கிறது!

“ஒருவர் சொல்லை ஏற்பதென்றால் பொய் எச்சரிக்கைகள் பெருகாவா? லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது இங்கும் நடக்காதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வியே. பிறைக்குச் சாட்சி சொல்பவர் யாரோ ஒருவர் அல்லர். நேர்மையானவர் எனத் தெரிந்தவர், தாமே கண்டவர். அடுத்தவர் கண்டதாகக் கேள்விப்பட்டு வந்து சொல்பவரைக் காழி திருப்பி அனுப்பிவிடுவார். மேலும், ஓர் ஊரில் கண்ட பிறை எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் என்பதையும் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவ்வாறே ஒருவர் சொல்லின்மேல் எழும் எச்சரிக்கையும் எல்லைக்கு உட்பட்டிருக்கவேண்டும்: இன்ன மலை, இன்ன சரிவு, இன்ன ஊர், இத்தனை மணிக்குக் கண்டது, இன்னும் உறுதியாகவில்லை. கடைசிச் சொற்களே எல்லாவற்றிலும் முக்கியமானவை. ஹதீஸ் கலையினர் பலவீனமான அறிவிப்புகளைப் பதிவு செய்யாமல் எறிந்துவிடவில்லை. ‘இது பலவீனமானது’ என்று அதன் நெற்றியிலேயே எழுதினர். அரைகுறையாகத் தெரிந்ததை அரைகுறை என்று சொல்லிச் சொல்வது உண்மையே. அதை முழுமை போல் சொல்வதே பொய்.

கலிபோர்னியாவில் 2021 ஆம் ஆண்டு தொடங்கிய ‘வாட்ச் டியூட்டி’ என்னும் செயலி இவ்வகையில் கருதத்தக்கது. இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு அதை நடத்துகிறது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள், அவசர உதவித் தொலைபேசியில் பணிபுரிந்தவர்கள், செய்தியாளர்கள் முதலியோர் தீயணைப்புத் துறையின் வானொலிப் பேச்சைக் கேட்டு, தமக்குள் ஒத்துப்பார்த்த பின்னரே செய்தியை வெளியிடுகின்றனர். ஆஸ்திரேலியாவில் எச்சரிக்கைகளை மூன்று படிகளாகப் பிரித்திருக்கின்றனர். தகவல் மட்டும் முதற்படி. விழிப்புடன் செயலாற்றுக என்பது இரண்டாம் படி. உடனடி ஆபத்து மூன்றாம் படி. எல்லாவற்றையும் ஒரே உரத்த குரலில் கூவாமல் தரம் பிரித்துச் சொல்லும் இந்த ஒழுங்கு நம் கல்விமரபுக்கு அந்நியமானது அன்று.

இன்னும் ஓர் அடிப்படை உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸஃபா குன்றின்மேல் ஏறி மக்காவாசிகளை அழைத்தபோது, இக்குன்றின் பின்னால் குதிரைப்படை ஒன்று வருகிறதென்று சொன்னால் நம்புவீர்களா என்றே முதலில் கேட்டார்கள். நம்புவோம், உம்மிடம் பொய்யைக் கண்டதில்லை என்று அம்மக்கள் ஒப்புக்கொண்ட பின்னரே எச்சரிக்கை தொடங்கியது. நாற்பதாண்டு உண்மை வாழ்வு அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நின்றது. எச்சரிப்பவர் மீதுள்ள நம்பிக்கை ஆபத்து வரும் நாளில் பிறப்பதில்லை. ஆபத்தில்லாத நாட்களில் சேர்த்து வைக்கப்படுகிறது. அரசுத் துறையின் செயலிக்கும் இது பொருந்தும். குடும்பக் குழுவில் செய்தி அனுப்பும் நமக்கும் பொருந்தும். ஆண்டு முழுவதும் ஆதாரமற்ற மருத்துவக் குறிப்பும் அதிசயப் படமும் அனுப்பிக் கொண்டிருப்பவர், ஒருநாள் மெய்யாகவே ‘தீ’ என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

தீயோடு சேர்ந்து பரவும் மற்றொரு தீயையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ‘வைத்தவர் யார்’ என்ற வதந்தியே அது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020 செப்டம்பரில் காடுகள் எரிந்தபோது, ஓர் அரசியல் கூட்டத்தார் தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பியது. அது பொய் என்று காவல்துறையும் மத்தியப் புலனாய்வுத் துறையும் அறிவித்தன. அதற்குள் வதந்தியை விசாரிக்கும் அழைப்புகள் அவசர உதவித் தொலைபேசிகளை அடைத்துவிட்டன. ஆயுதம் ஏந்திய சிலர் சாலைகளை மறித்து வழிப்போக்கரை விசாரித்தனர். ஆதாரமின்றிப் பழி சுமத்தப்படும் துன்பம் இன்னதென்பதை நம் சமுதாயத்திற்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே மலைவாழ் மக்கள் மீதோ, மேய்ப்பவர் மீதோ, சுற்றுலா வந்த ஒரு கூட்டத்தார் மீதோ அதே பழி வீசப்படும்போது அதை முதலில் நிறுத்தும் கை நம்முடையதாக இருக்கவேண்டும். தீயின் இடமும் திசையுமே அவசரச் செய்தி. குற்றவாளி யார் என்பது விசாரணைக்குரிய செய்தி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாகாது.

இவற்றை நம் அன்றாட வாழ்வில் எவ்வாறு கடைப்பிடிப்பது? மலையில் தீயைக் கண்டால், படம் எடுத்துக் குழுவில் போடுவதற்கு முன் 112 அல்லது 101 அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டறையின் 1077 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். பொறுப்பிலுள்ளோரிடம் கொண்டுசெல்வதன் பொருள் இதுவே. எங்கிருந்து பார்க்கிறோம், எந்தச் சரிவு, எத்தனை மணி என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பிறருக்குப் பகிர்வதானால் மூலச் செய்தியை நாளும் நேரமும் அகற்றாமல் பகிரவேண்டும். ‘தெரிந்தவர் சொன்னார்’ என்பது ஆதாரமாகாது. கோடைப் பயணம் புறப்படுவோர் அரசின் எச்சரிக்கைச் செயலிகளைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, புறப்படும் காலையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அனுப்பிய செய்தி தவறென்று தெரிந்தால், அதை எத்தனை குழுக்களுக்கு அனுப்பினோமோ அத்தனை குழுக்களுக்கும் திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். அடியார்களின் உரிமை தொடர்பான தவ்பாவில், பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது ஒரு நிபந்தனை. பத்துப் பேரின் அமைதியைப் பறித்துவிட்டு, திருத்தத்தை ஒருவருக்கு மட்டும் சொல்வது எப்படி நிறைவாகும்? செய்தியை ஓசையின்றி அழித்துவிடுவதும் திருத்தம் அன்று. படித்தவர் மனத்தில் அது அழியாமல் இருக்கிறது.

கைப்பேசி இல்லாதோரின் உரிமையும் நம்மேல் உண்டு. மலையில் பல இடங்களில் அலைவரிசை எட்டுவதில்லை. முதியோர் பலருக்குச் செயலியைத் திறக்கத் தெரியாது. செயலியில் போட்டுவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று எந்த அலுவலகமும் சொல்லிவிட முடியாது. எனக்குச் செய்தி வந்துவிட்டது, என் கடமை முடிந்தது என்று நாமும் சொல்லிவிட முடியாது. கொடைக்கானல் பண்பலை வானொலி 100.5 எட்டாத மூலை நம் வட்டாரத்தில் அரிது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கி, கோயிலின் ஒலிபெருக்கி, ஊராட்சியின் அறிவிப்பு ஆகிய யாவும் உயிர்காக்கும் செய்திக்குப் பொதுவானவையே. அடிவாரக் கிராமங்களின் ஜமாஅத்தார், உறுதியான எச்சரிக்கை வந்தால் யார் அறிவிப்பது, எந்தச் சொற்களால் அறிவிப்பது என்பதைக் கோடைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நலம். அபாய நீக்கச் செய்தியை வனத்துறையோ வருவாய்த்துறையோ உறுதி செய்யாமல் அறிவிப்பதில்லை என்றும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

விரைவு பெரிதா, உண்மை பெரிதா என்று தொடங்கினோம். இரண்டும் பகைவர்கள் அல்லர். தெரிந்ததை உடனே சொல்வது விரைவு. தெரிந்த அளவை மிகாமல் சொல்வது உண்மை. எச்சரிக்க ஒருவர், அபயம் கூற இருவர் என்ற ஒழுங்கில் இரண்டும் உடன்பிறப்புகளாகச் சேர்ந்து நடக்கின்றன. நம் நாவும் அமானிதம். இன்று நாவின் வேலையைச் செய்யும் விரல்களும் அமானிதமே. நாளை அவையும் சாட்சி சொல்லும் நாள் ஒன்று உண்டென நம்புகிறவர்கள் நாம். நம் மலைகளையும் அவற்றில் வாழும் எல்லா உயிர்களையும் வல்ல நாயன் காத்தருள்வானாக! நம் வாயிலாகச் செல்லும் செய்தி எவருக்கும் தீங்காக ஆகாதிருக்க அவனே துணைபுரிவானாக!